சட்டம்

இரவு எட்டரை ஆகியும்
தகரக் கூரை பகலை இறக்கி வைக்கவில்லை.
அல் அய்ன் சனாயாவில் எங்கள் ஒர்க் ஷாப்.
நாலு ஸ்டாண்டின்மேல் எண்பத்தாறு மாடல் பட்ரோல்,
சக்கரமில்லை, டேங்க் இல்லை,
பேட்டரியைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தாயிற்று.

ஷேர் ஸமான் பின்சட்டத்தைச் சுத்தியலால் தட்டினான்.
மணல் கொட்டியது.
இன்னொரு தட்டு. இன்னும் மணல்.
சிவப்பு, வெள்ளை, உப்புப் பூத்த சாம்பல்.
பெட்டி இரும்புக்குள் முப்பது வருஷமாய் ஏறி உட்கார்ந்திருந்தது
டிக்கெட் எடுக்காமல்.
ஒரு பெயின்ட் வாளி நிறைந்தது.

தார்ப்பூச்சைச் சுரண்டினேன்.
விரிசல், பட்டை ஸ்பிரிங் கொக்கிக்கு ஒரு சாண் முன்னால்,
அடிவிளிம்பில் தொடங்கி முக்கால் உயரம் ஏறியிருந்தது,
பழைய ஒட்டுத்தகடு ஒன்றின் ஓரத்தை
மாடிப்படிக் கைப்பிடிபோல் பிடித்துக்கொண்டு.

முஸல்லம் குனிந்து செல்போன் வெளிச்சம் காட்டினார்.
அவர் வண்டியை வாங்கி ஆறு மாசம்தான்.
"எந்தக் கழுதை செய்த வேலை இது?"

எனக்குத் தெரியும் அந்தக் கழுதையை.
தகட்டை எதிலிருந்து வெட்டினான் என்றும் தெரியும்:
எங்கள் பழைய ஷட்டரின் அடிப்பட்டை,
ஓரத்தில் பச்சைப் பெயின்ட் இன்னும் இருக்கிறது.
ஒவ்வொரு வெல்டும் ஒரு கட்டியில் தொடங்குகிறது.
ராடு ஒட்டிக்கொண்டதும் பயந்து இழுத்தவன் விட்ட கட்டி.
விசாவில் வெல்டர் என்று அடித்திருந்தது.
அதற்கு முந்தின மாதம்வரை அவன்
தூத்துக்குடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.

முகமூடியை இறக்கிக்கொண்டேன்.
கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னேன்:
"நான்தான்."

கம்ப்ரஸர் ஓடி நின்றது.
"அப்படியானால் பாதிக் காசு."
"ராடுக்கு முழுக் காசு வேணும்."
ஷேர் ஸமான் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தான்.

முதலில் என் வேலையை நானே அரைத்துத் தள்ளினேன்.
மூன்று டிஸ்க் தேய்ந்தது.
மோசமான வெல்டும் சுலபத்தில் விட்டுவிடுவதில்லை.
விரிசலின் நுனியில் ஒரு துளை,
இதற்கு மேல் போகாதே என்று.
அதன் நீளத்துக்கும் ஒரு வாய்க்கால்.
ஓவனில் காய்ந்த ராடு ஒவ்வொன்றாய்
இங்கே இரண்டு அங்குலம், அங்கே இரண்டு அங்குலம்.
ஒரே மூச்சில் இழுத்தால் இரும்பு கோணிக்கொள்ளும்.

புதுத் தகட்டின் இரு முனையையும்
பனங்கிழங்கு நுனிபோல் சாய்த்துச் சீவினேன்.
செங்குத்தாய் முடிகிற தகடு
முடிகிற இடத்திலேயே முறிக்கும்.
சாய்ந்து முடிந்தால் பாரம்
எங்கே ஏறினோம் எங்கே இறங்கினோம் என்றறியாமல் கடந்து போகும்.
இது விளங்க எனக்குப் பதினோரு வருஷம் ஆனது,
பிறத்தியார் வண்டிகள் ஏழும் ஆயின.

உள்ளே எங்கோ மிஞ்சியிருந்த தார் பற்றிக்கொண்டது.
ஷேர் ஸமான் வாளியைத் தூக்கிக் கவிழ்த்தான்.
வண்டி சுமந்த மணல்
வண்டியையே அணைத்தது.

வலப்பக்கத்திலும் ஒரு தகடு.
அங்கே எண் இருக்கிறது, இரும்பில் குத்தியது.
மூடினால் முரூரில் பாஸ் ஆகாது.
எண்ணுக்கு நாலு விரல் முன்னாலேயே நிறுத்தினேன்.
சேசிஸ் என்கிறோம்; தமிழில் சட்டம்.
விதிக்கும் அதே சொல்.
இரண்டும் வளையாது என்பார்கள்.
இரண்டையும் வளைத்துப் பார்த்தவன் நான்.

"பெயின்ட்?" என்றார் முஸல்லம், மணி மூன்றுக்கு.
"ஒரு மாசம் வேண்டாம். மணலில் ஓட்டுங்க.
திரும்ப விட்டால் துருக்கோடு காட்டிக்கொடுக்கும்.
கொண்டுவாங்க."
"கொண்டுவந்தால் நீ இருப்பாயா?"

விசா மார்ச்சில் முடிகிறது.
முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை.
ஸ்லாக்கைத் தட்டிக்கொண்டிருந்தேன்,
அது ஏற்கெனவே உதிர்ந்துவிட்ட இடத்தில்.